இடம் போட்டுவிட்டுப் போனவர்கள்

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்குள் ஒரு பஸ் நுழைவதை நீங்கள் பார்க்க வேண்டும். வண்டி இன்னும் நிற்கவே இல்லை, அதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டுகள் பறக்கும், குடைகள் போகும், கூடை, மஞ்சள் பை, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் போகும். ஒரு நாள் என் கண்ணெதிரே ஒரு கைக்குழந்தையே போயிற்று. உள்ளே வாங்கிக்கொண்டவர் முன்பின் தெரியாத ஒருவர். அம்மாக்காரி சாவகாசமாகப் படியேறி வந்து குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். துண்டு எந்த சீட்டில் விழுகிறதோ அந்த சீட்டு துண்டுக்காரருக்குச் சொந்தம். கவர்னரே வந்தாலும் அதை மாற்ற முடியாது. இடம் போட்ட ஆசாமி அப்புறம் நிம்மதியாக டீக்கடைக்குப் போய்விடுவார். புறப்படக் கொஞ்ச நேரம் இருக்கையில் எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு மனிதர் இருக்க மாட்டார், ஆனால் வண்டி நிரம்பியிருக்கும். சைகோனிலிருந்து சிதறிப்போய் இப்போது பாரீசிலும் மார்செய்யிலும் இருக்கிற நம் ஆட்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, விசிலைத் தேடினேன்.

நம் ஆட்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் அப்பா புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து கப்பலேறிப் போனவர். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டிக்கொண்டது, புருஷனைப் பறிகொடுத்தது எல்லாம் சைகோனில். அங்கே நகர பஸ் கம்பெனியில் ஸெக்யூரிதே என்கிற பாதுகாப்புப் பிரிவில் எனக்கு வேலை. யுத்த காலம், பஸ்ஸில் குண்டு வைப்பார்கள். சீட்டுக்கு அடியில் சொந்தக்காரர் இல்லாத பொட்டலம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க கண்டக்டர்களைப் பழக்குவேன். இருந்தால் எப்படிக் கூச்சல் இல்லாமல் வண்டியைக் காலி செய்வது, எந்தக் கதவு வழியாக யாரை முதலில் இறக்குவது என்று ஒத்திகை நடத்துவேன். 'சாமானை விடு, ஆளை இறக்கு' என்று வியட்நாமியத்திலும் பிரெஞ்சிலும் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். ஒரு தடவை கடைசி ஸ்டாப்பில் அட்டைப் பெட்டி ஒன்று அனாதையாக இருந்தது. தெருவையே காலி செய்து, பட்டாளத்தைக் கூப்பிட்டுத் திறந்து பார்த்தால் உள்ளே வாத்துக் குஞ்சுகள். எல்லா நாளும் வாத்துக் குஞ்சாக இருக்கவில்லை. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

எழுபத்தைந்தில் ஒரு பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தேன். டவுனை ஒட்டிய சாரம் பகுதியில் ஒரு வீட்டின் பின்கட்டு வாடகைக்குக் கிடைத்தது. அப்பாவுக்குத் தூரத்து உறவு ஒருவர் சொந்தமாகப் பஸ் விட்டுக்கொண்டிருந்தார். டவுனுக்குள் சில வண்டிகள், வடக்கே கடலோரமாகப் பிள்ளைச்சாவடி வழியாகப் போகிற சில வண்டிகள். "அங்க பாத்த வேலையவே இங்கயும் பாருங்க. மழ காலத்துல நம்ம வண்டிங்களக் காப்பாத்துங்க, ஜனங்களயும் காப்பாத்துங்க" என்றார், அந்த வரிசையில். ஒரு பொம்பளை பஸ் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்வதை டவுனே வேடிக்கை பார்த்தது. முதல் நாளே எனக்கு 'மதாம்' என்று துரைசானிப் பெயர் விழுந்துவிட்டது. இரண்டாம் நாள் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கேட்பாரில்லாத சாமான்கள் நிறைந்த ஒரு வண்டியைப் பார்த்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் இரண்டும் ஓடின. விசிலை ஊதிக்கொண்டே ஏறி, துண்டு, கூடை, குடை என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டுக் குவித்துவிட்டேன்.

டீக்கடையிலிருந்து ஒரு கூட்டம் ஓடி வந்தது. முன்னால் வந்தவர் தன் துண்டைக் குவியலிலிருந்து உருவி எடுத்து உதறினார்.

"யாரும்மா நீ? எந்துண்ட ஏன் தூக்கிப் போட்ட?"

"ஆள் இல்லாத சாமான் ஆபத்து ஐயா. குண்டு இருக்கலாம். அங்கே ஆள் இல்லையே" என்றேன். என் தமிழ் வீட்டிலும் புத்தகத்திலும் கற்றது, அப்படித்தான் வரும்.

"ஆளு இல்லன்னுதாம்மா துண்டு போட்டேன்! ஆளு இருந்தா துண்டு எதுக்கு?"

நான் விசிலை இன்னொரு தடவை ஊதினேன். அதற்குள் யார் எந்த சீட்டுக்குச் சொந்தம் என்று பெரிய சண்டை மூண்டு, சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் வந்து தீர்த்து வைத்தார். வண்டி தாமதமாகப் புறப்பட்டது. அன்று சாயங்காலத்துக்குள் எனக்குக் 'குண்டு மதாம்' என்று பதவி உயர்வு கிடைத்தது, அதுவும் ஒல்லிக்குச்சியான எனக்கு. அந்த வண்டியின் டிரைவர் ஏழுமலை மட்டும் சிரிக்காமல் பக்கத்தில் வந்து நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க மதாம். துண்டு கெடந்தா ஆளு வரும். சாமான உட்டுட்டு எவன் போவான்?"

எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. சாமானை விட்டுவிட்டு ஓடியவர்களைத்தான் நான் வருஷக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது யோசித்தேன். ஒரு கிழிந்த துண்டை நம்பி சீட்டை விட்டுவிட்டுப் போகிறார்கள், அதை இன்னொருத்தன் தொடாமல் நின்றுகொண்டே வருகிறான். இந்த ஊரை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. "இன்னிக்கி எத்தினி குண்டு மதாம்?" என்பார் ஏழுமலை. "இரண்டு. ஒன்று பலாப்பழம்" என்பேன்.

இங்கே எனக்கு எதிரி வேறு, வானத்திலிருந்து வருகிறவன் என்று ஒரு மழைக்காலத்திலேயே தெரிந்துபோயிற்று. எங்கள் வடக்கு லைன் முழுக்கக் கடலை ஒட்டிப் போகிறது. பிள்ளைச்சாவடியில் கடலுக்கும் குடிசைக்கும் நடுவே கட்டுமரம் இழுத்துப் போடுகிற மணல்தான் இருந்தது. புயல் வந்தால் அந்த மீனவர் குப்பத்து ஜனங்களை முத்தியால்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர எங்கள் வண்டிகளைத்தான் கேட்பார்கள். ரோடு ஓரமெல்லாம் பனைமரம். ஒரு மரம் குறுக்கே சாய்ந்தால் முடிந்தது கதை, வண்டி போக வழியில்லை. ஆகையால் காற்று ஏறுவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். சைகோன் மாதிரியே ஒத்திகை நடத்தினேன். மூன்று ஹாரன், கையில் ஒன்றும் எடுக்காமல் எல்லோரும் ஓடி வந்து ஏற வேண்டும். பிரமாதமாக ஏறினார்கள். பொடிசுகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடின. பள்ளிக்கூடம் போய்த் திரும்பியதும், "நாளைக்கும் வருமா மதாம்?" என்று கேட்டார்கள். ஓசி சவாரி, யார் வேண்டாம் என்பார்கள்? நான்தான் மடச்சி, திட்டம் வெற்றி என்று முதலாளியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் புயல் நிஜமாகவே வந்தது. ரேடியோவில் சொன்னார்கள், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். மத்தியானம் இரண்டு வண்டிகளோடு பிள்ளைச்சாவடிக்குப் போனோம், முன் வண்டியில் ஏழுமலையும் நானும். மூன்று ஹாரன் அடித்தார். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது, கடல் காவி நிறமாக இருந்தது. ஜனங்கள் ஓடி வந்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. வந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பித்தளைக் குடத்தைப் போட்டார்கள், துணிமூட்டையைப் போட்டார்கள், வலையைப் போட்டார்கள், காலைக் கட்டிய சேவலைப் போட்டார்கள், மாதா படம், மாரியாத்தா படம் இரண்டையும் போட்டார்கள். போட்டுவிட்டு, திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆளில்லாமல், சாமான் மட்டும் நிறைந்த இரண்டு வண்டிகள்.

அஞ்சலை போய்க்கொண்டிருந்தாள். தினமும் எங்கள் வண்டியில் முத்தியால்பேட்டைக்கு மீன் கூடை கொண்டுவருகிறவள். கூடைக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று கண்டக்டரோடு அன்றாடம் மல்லுக்கு நிற்பாள். அவள் சொன்னால் குப்பமே கேட்கும். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"எடந்தான் போட்டாச்சே மதாம், நீ ஏன் பதறுற?"

"இடம் போட்டால் போதுமா? ஏறி உட்காரு!"

"இப்பவே குந்தி இன்னா பண்றது? ஆம்பளைங்க கட்டுமரத்த இழுத்துக் கட்டினு இருக்காங்க. கடலு இன்னும் ஒண்ணும் சொல்லல. வண்டி பொறப்புடசொல்ல வரோம்."

"வண்டி இப்பவே புறப்படுகிறது!"

"ஆளு ஏறாம எப்டிப் பொறப்புடும்?" என்று கேட்டுவிட்டு, என் கையை மெதுவாக விலக்கிவிட்டு அவள் போனாள்.

கெஞ்சினேன், கத்தினேன். தலைகீழாக நின்றாலும் நடக்காது என்று தெரிந்துவிட்டது. பனைமரங்களின் தலை ஒரே பக்கமாக வளைந்து நின்றது. இவர்கள் செத்துப்போவார்கள் என்று நினைத்தேன். இவர்கள் எல்லாரும், அந்தப் பொடிசுகளும், துண்டு போட்டுவிட்டோம் என்கிற நிம்மதியில் செத்துப்போவார்கள்.  அப்போதுதான் ஏழுமலை எப்போதோ சொன்ன 'சாமான உட்டுட்டு எவன் போவான்' காதில் கேட்டது. ஓடிப்போய் வண்டியில் ஏறினேன்.

"ஏழுமலை, வண்டியை எடுங்கள்."

"ஆளு ஏறலியே மதாம்."

"சாமான் ஏறியிருக்கிறதே. எடுங்கள்!"

அவர் திரும்பிச் சாமான் நிறைந்த சீட்டுகளைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. "அய்யோ மதாம், கொன்னுடுவாங்க."

"கொல்வதற்காவது வரட்டும்."

பின்வண்டிக்கும் கையைக் காட்டினேன். இரண்டு வண்டிகளும் நகர்ந்தன. முதலில் ஒரு பொடியன் பார்த்துவிட்டுக் கத்தினான். அடுத்த நொடி அந்தக் குப்பத்தின் ஒவ்வொரு குடிசையிலிருந்தும் ஜனங்கள் பீறிட்டு வந்தார்கள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, புடவையை வாரிச் செருகிக்கொண்டு, கிழங்கட்டைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, மழையில் எங்களைத் துரத்தினார்கள். இவ்வளவு வசவு என் ஆயுளில் நான் வாங்கியதில்லை. "ஏ எடுபட்டவளே! எங்கொடம்! எங்கொடத்த எடுத்துனு எங்கடி போற? கட்டைல போறவளே, நில்லுடி!" என்று எல்லோருக்கும் முன்னால் அஞ்சலை. நான் படியில் தொங்கிக்கொண்டு பார்த்தேன், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பள்ளத்தைத் தாண்டி மேட்டு ரோட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மூச்சிரைக்க வந்து ஏறினார்கள். ஏறியதும் ஒரு சண்டை சச்சரவு இல்லை, அவரவர் சாமான் கிடந்த சீட்டில் அவரவர் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டார்கள். அஞ்சலை குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். கட்டுமரத்தைக் கட்டிப் போட நின்றுவிட்ட ஆண்களை, இருட்டுவதற்குள் ஏழுமலை மறுபடி போய் அள்ளிக்கொண்டு வந்தார். அவர் வண்டிக்குப் பின்னாலேயே பனைமரம் ஒன்று விழுந்ததாம். 

பொழுது விடிந்ததும் திரும்பப் போனோம். ரோடெல்லாம் மரம் கிடந்ததால் பாதி வழியில் இறங்கி நடந்தோம். கடல், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற மாதிரிக் கிடந்தது. முதல் வரிசைக் குடிசைகள் இருந்த இடத்தில் வெறும் ஈர மணல். ஆள் ஒருவருக்கும் சேதமில்லை. ஆனாலும் பெண்கள் மணலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அஞ்சலை அழவில்லை. முறிந்த தென்னை ஒன்றின் அடியிலிருந்து அடி வைத்து அளந்துகொண்டு வந்து ஓரிடத்தில் நின்றாள்.

"இது வாசப்படி. இங்க எங்க ஊட்டுக்காரரு கால நீட்டினு படுப்பாரு. இது அடுப்பு" என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். பிறகு குந்தி மணலைத் தோண்ட ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தோண்டினேன். 

"ஒன் ஊட்ல அடுப்பு எந்தப் பக்கம் இருந்திச்சு மதாம்?" என்று கேட்டாள்.

நான் இங்கே வந்த நாளிலிருந்து எவ்வளவு நகை கொண்டுவந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். பிரான்சுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. மூன்றாவது மாடி, இடது கைப்பக்கம், அடுப்புக்கு மேலே சின்ன ஜன்னல், அதைத் திறந்தால் சந்தைத் தெருவின் சத்தம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.  ஆனால் கையைத்தான் நீட்டினேன். கை கடல் பக்கம் போய் நின்றது.

அஞ்சலை நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். கடலில் பிறந்து வளர்ந்தவள், திசை என்றால் சும்மா விடமாட்டாள்.

"நேர் கெழக்கா?"

"நேர் கிழக்கு."

"அப்ப சூரியன் அங்க வந்துட்டுதான் இங்க வருது" என்றாள்.

நான் உடைந்துபோய்விட்டேன். சைகோனை விட்டு வந்தபோது கூட அப்படி அழுததில்லை. அவள் தோண்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவள் கை கல்லில் முட்டியது, அவளுடைய அம்மி. "புடி மதாம் அந்தாண்ட" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பிடித்தேன். அவள் ஊரைப் பார்த்தபடி ஒரு முனையைத் தூக்கினாள், நான் கடலைப் பார்த்தபடி மறுமுனையைத் தூக்கினேன்.