கிணற்றடி ஈசோப்பு

மகள் நர்சரியிலிருந்து ஒரு செடித்தொட்டி வாங்கி வந்தாள். "அம்மா, பாவத்தக் கழுவும்னு பைபிள்ல வருமே, அந்த ஈசோப்பு."

இலையைக் கசக்கி முகர்ந்தேன். இது அந்த வாசனையே இல்லையே!

திண்டிவனத்தில் எங்கள் கிணற்றடியில் ஈசோப்பு என்று அம்மா வளர்த்தது திருநீற்றுப்பச்சை மாதிரி மணக்கும். "நுனிய மட்டும் கிள்ளுடி, அடிய வுட்டுடு" என்பாள். ஒருநாள் அடியோடு நறுக்கிவிட்டேன். பக்கத்து வீட்டுக் குப்பம்மாக்காவின் ஆடு மேய்ந்ததாகப் பொய் சொன்னேன். அம்மா போட்ட சண்டையில், குப்பம்மாக்கா அழுதுகொண்டே ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போனாள்.

செடி மறுபடி துளிர்த்தது. பெரிய வெள்ளியன்று ஒரு கொத்தைத் தண்ணீரில் முக்கி என் தலையில் தெளித்து, "எல்லாப் பாவமும் பூட்ச்சி" என்றாள் அம்மா. நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

அது ஈசோப்பே இல்லையென்றால், அந்தப் பொய் போயிற்றா, இன்னும் என்மேல்தான் இருக்கிறதா? கேட்கலாமென்றால் அம்மாவும் இல்லை, குப்பம்மாக்காவும் இல்லை.