அத்தை எழுதிய பங்குக் கணக்கு

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் என் அத்தையை வேவு பார்த்தேன். அந்த வேலையை எனக்குக் கொடுத்தவர் அப்பா, அதாவது அத்தையின் சொந்த அண்ணன்.

வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் அணு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அத்தை, ஆய்வேட்டை எழுதி முடிக்க இரண்டு மாதம் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தாள். வீட்டை ஒட்டியே எங்கள் விசைத்தறிக் கொட்டகை. அந்த இரைச்சலில் மனுசர் பேசுவதே காதில் விழாது. அத்தையோ மாடி அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பாள். யாராவது போனால் தாள்களைக் கவிழ்த்து வைப்பாள். போனில் இங்கிலீஷில் பேசுவாள்.

அம்மாவுக்கு அது காதல் என்று சந்தேகம். அப்பாவுக்கு வேறு ஏதோ. தாத்தா இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

"ஏட்டி, உங்க அத்தை அப்படி என்னதான் எழுதுதான்னு பாத்துட்டு வா. அவளுக்குத் தெரியக் கூடாது" என்றார் அப்பா.

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. கதவிடுக்கில் நின்றேன், கட்டிலுக்கு அடியில் படுத்தேன். எல்லாம் இங்கிலீஷும் எண்களும். ஒருநாள் அத்தை குளிக்கப் போனபோது மேஜையில் தமிழில் எழுதிய நாலைந்து தாள்கள் இருந்தன. படம் போட்டிருந்த ஒன்றை மட்டும் உருவி, பாவாடைக்குள் செருகிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன்.

அப்பா ஒரு தறியை நிறுத்திவிட்டு வாசித்தார். மேலே 92 என்று போட்டு ஒரு வட்டம். கீழே ஒரு பெரிய துண்டு, ஒரு சின்னத் துண்டு. 'நிதானமாகப் பிரிந்தால் சின்னது தன் அளவுக்கு மேல் கொஞ்சம் கூடுதல் பங்கு வாங்கிக்கொள்ளும். பலமாக அடித்துப் பிரித்தால் அதற்கெல்லாம் நேரம் இல்லை. அவரவர் அளவுக்குத் தக்கபடிதான் பங்கு.'

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. இளையரசனேந்தல் பக்கம் தாத்தா விட்டுப்போன மானாவாரி நிலமும் கிட்டத்தட்ட தொண்ணூறு சென்ட்தான்.

மத்தியானச் சாப்பாட்டில் தாளை அத்தையின் இலைக்கு முன்னால் போட்டார்.

"பங்கு வேணும்னா நேரா கேக்க வேண்டியதுதான? அடிச்சுப் பிரிக்கிற அளவுக்குப் போயிட்டியோ?"

அத்தை தாளைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பிசைந்தேன்.

"அண்ணே, இது யுரேனியம்" என்றாள். "அந்த அணுவோட கருவுக்குள்ள தொண்ணூத்திரெண்டு புரோட்டான் இருக்கு. கரு ரெண்டா உடைஞ்சா எந்தத் துண்டுக்கு எத்தனை புரோட்டான் போகுதுன்னுதான் நான் அஞ்சு வருசமா பாத்துக்கிட்டு இருக்கேன். லேசாத் தட்டி உடைச்சா ஒரு மாதிரி பிரியும், ரொம்ப வேகத்துல மோதி உடைச்சா வேற மாதிரி. நான் படிச்ச ஸ்கூல்ல பிள்ளைகளுக்குச் சொல்லக் கூப்பிட்டிருக்காங்க. அதுக்காகத் தமிழ்ல எழுதினேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. புரையேறும் அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"ஏண்ணே, அந்த நிலத்துல எனக்குப் பங்கு இருக்கா?"

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? சாப்பிடு."

"சும்மாதான் கேக்கேன்."

அப்பா கை கழுவ எழுந்து போனார்.

அத்தை பள்ளியில் பேசிய அன்று நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் விளங்காவிட்டாலும் பலமாகக் கை தட்டினேன். மறுவாரமே அவள் ரயிலேறினாள். தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கு முன்னால் அப்பா பேருக்கு ஒரு வக்கீலிடமிருந்து ரிஜிஸ்தர் தபால் வந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா!" என்று அப்பா அம்மாவிடம் கத்தினார். "அவ மனசுல இருந்ததுதான் அந்தத் தாள்ல வந்திருக்கு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் கண்டுபிடித்தது சரியாகப் போயிற்று என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பெருமைப்பட்டேன். அன்று சாப்பாட்டில் அப்பா கேட்கும்வரை அத்தைக்கு அந்த நிலத்தின் நினைப்பே இருந்ததில்லை என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.