இரண்டு நாள் பின்னால் வந்த பூமா

மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றும்போது எழுகிற அந்தக் காட்டமான நெடி, இன்றும் என்னை லா சப்பலில் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டின் தரையில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிடுகிறது. நான் குப்புறக் கிடந்து ஒரு பூமாவுக்கு வால் வரைந்துகொண்டிருக்கிறேன். நுனி மட்டும் கறுப்பு. மாமா சொன்னது.

ஊரில் போர் முடிந்த அடுத்த வருஷம். பிரெஞ்சுப் பள்ளியில் ஆளுக்கொரு காட்டு விலங்கைப் பற்றி எக்ஸ்போசே செய்யவேண்டும். அதாவது படம் ஒட்டிய அட்டையோடு வகுப்பின் முன்னால் நின்று பேசவேண்டும். ஓநாயையும் யானையையும் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது பூமா, அமெரிக்கக் காடுகளில் திரிகிற பெரும்பூனை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தபோது, நூலகப் புத்தகத்தில் இருந்த படத்தை மாமா எட்டிப் பார்த்தார்.

"இதை நான் கண்டிருக்கிறன்."

அம்மாவின் தம்பி அவர். கனடாவுக்கென்று புறப்பட்டு, காசு வாங்கி ஆளனுப்பும் ஏஜென்சிக்காரன் பனாமாக் காட்டுக்குள் நடக்கவிட்டு, பிடிபட்டு, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் எங்கள் சோபாவில் வந்து விழுந்தவர். அதிகம் கதைக்கமாட்டார். புறநகரான எபினேயிலிருந்து ஓர் அக்கா ஞாயிறு தவறாமல் அவருக்கு டெலிபோன் எடுப்பார். அந்த அக்காவின் கணவரும் அதே காட்டுவழியாகப் புறப்பட்டவர். எங்கும் போய்ச் சேரவில்லை. "நாங்கள் வேறை வேறை குறூப், அக்கா. எனக்கொண்டும் தெரியாது" என்பார் மாமா. பிறகு வெளியே போய், ரயில்பாதைகளுக்கு மேலே உள்ள பாலத்தில் நின்று, ரயில்கள் ஒவ்வொன்றாய் நகரத்தை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பூமாவைப் பற்றி மட்டும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நூலகப் புத்தகத்தில் இருந்ததை நான் ஒப்பிப்பேன். தனியாகத் திரியும். சிங்கம்போலக் கர்ஜிக்காது, வீட்டுப் பூனைபோலக் குறுகுறுக்கும். தின்று மிஞ்சியதை இலைகுழையால் மூடிவைத்து மறுநாள் தேடி வரும். ஆட்டைக் கன்றை அடித்ததற்காக மனிதர் அதைச் சுடுவார்கள். மனிதரைக் கண்டால் அது ஒதுங்கிவிடும்.

"ஒதுங்காது" என்றார் மாமா. "பாத்துக்கொண்டு வரும்."

பெருமை தாங்காமல் இதை எங்கள் ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன். அவர் மாமாவையே வகுப்புக்கு அழைத்தார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"விசாவும் இல்லை, பாஷையும் இல்லை. அங்கை போய் என்னத்தைச் சொல்லப்போறாய்?"

"பிள்ளை மொழிபெயர்க்கும்தானே, அக்கா."

அது உண்மை. விசாவுக்கு வரிசையில் நிற்கிற பிரிபெக்சரிலும் ஆஸ்பத்திரியிலும் அம்மாவுக்கு நான்தான் வாய். அம்மா நீட்டிச் சொல்வதைச் சுருக்கவும், கோபத்தில் சொல்வதைத் 'தயவுசெய்து' ஆக்கவும் எனக்குத் தெரியும்.

மாமா அயர்ன் பண்ணிய சேட்டில் வந்தார். வகுப்பில் தமிழ் விளங்கியது எனக்கு ஒருத்திக்குத்தான். அவர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"விடிய எழும்பிப் பாத்தா, எங்கடை சப்பாத்துத் தடத்துக்கு மேலை அதின்ரை தடம். இரவு முழுக்கப் பின்னாலை வந்திருக்கு. ஒண்டும் செய்யேல்லை."

மொழிபெயர்த்தேன். வகுப்பு வாயைப் பிளந்தது.

"ரெண்டாம் நாள் ஆத்திலை கண்டன். மற்றக் கரையிலை குந்திக்கொண்டிருந்து எங்களைப் பாத்தது."

மொழிபெயர்த்தேன்.

"அண்டைக்குத்தான் எபினே அக்கான்ரை மனிசனுக்குக் கால் முறிஞ்சது. நடக்கேலாதவன் நிக்கட்டும் எண்டான், கூட்டிக்கொண்டு போனவன். ஒரு தண்ணிப் போத்தலும் பிஸ்கட்டும் பக்கத்திலை வைச்சிட்டு நடந்தம். என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர். நான் திரும்பிப் பாக்கேல்லை."

நான் விழித்தேன். எபினே அக்கா என் எக்ஸ்போசேக்குள் எங்கே வந்தார்? முன்வரிசைப் பையன் ஒருவன், "பூமா என்ன செய்தது?" என்று அவசரப்படுத்தினான். 'ஆற்றைக் கடந்து போனார்கள்' என்று மட்டும் பிரெஞ்சில் சொன்னேன்.

"அதுக்குப் பிறகு அது எங்களுக்குப் பின்னாலை வரேல்லை" என்று முடித்தார் மாமா.

"பிறகு பூமா போய்விட்டது" என்று நானும் முடித்தேன்.

வகுப்பு முழுக்கக் கைதட்டியது. மாமா சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார். கூச்சம் என்று நினைத்தேன்.

பின்னாளில் பூமாக்களைப் பற்றித் தேவைக்கு மேல் படித்துவிட்டேன். மனிதரின் பின்னால் நெடுந்தூரம் வருமாம், பெரும்பாலும் வெறும் புதினம் பார்க்க. அலுத்தால் தன்பாட்டில் போய்விடுமாம். அப்படித்தான் போயிருக்கும். அந்தக் காட்டில் அதற்கு மான்கள் உண்டு.

பள்ளி வாசலில் மாமா என் கோட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டார்.

"நான் சொன்னதெல்லாம் சொன்னனியே, பிள்ளை?"

"ஓம் மாமா. எல்லாம் சொன்னன்."

"கைதட்டினவை, என்ன? ஒருத்தரும் ஏசேல்லை."

"ஏன் ஏசுவினம்? எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சது."

எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் முதுகு நிமிர்ந்து நான் கண்டது அன்றுதான்.

"அப்ப நான் எபினேக்குப் போட்டு வாறன். அக்கா இப்ப வீட்டிலைதான் நிப்பா. அம்மாட்டைச் சொல்லிவிடு."