மேற்குச் சுவரில் மாட்டிய படங்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது ஞாபகமும் முன்னே பின்னே ஆகிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உலகச் சண்டை முடிந்த பிறகு, நாற்பத்தாறோ நாற்பத்தேழோ, என் வீட்டுக்காரருக்கு நாகபுரிக்கு மாற்றல் வந்தது. பம்பாய் செம்பூரில், ஸ்டேஷனுக்குக் கிழக்கே என்று ஞாபகம், எங்களுக்குச் சொந்தமாக ஒரு சின்ன ஓட்டு வீடு இருந்தது. மழைக்கு முன்னால் அதை விற்றுவிட வேண்டும் என்று இவர் துடித்தார். காரணம் உள்ளறையின் மேற்குச் சுவர். பம்பாய் மழை மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். நாலு மாதமும் அந்தச் சுவர் ஓதம் குடித்துப் பிசுபிசுவென்று இருக்கும். சித்திரை வெயிலில்கூட, ஓட்டுக்குக் கீழே தொடங்கி நெஞ்சளவு வரை பூசணக் கறை கறுப்பாக நிற்கும்.

வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் தரையைத் தேய்த்துக் கழுவினேன். பித்தளைக் குடங்களைப் புளி போட்டுத் துலக்கி அடுக்கினேன். இவர் சுண்ணாம்பில் நீலம் கலந்து அந்தச் சுவருக்கு மூன்று தடவை அடித்தார். காய்ந்ததும் கறை மஞ்சளாக மறுபடி எட்டிப் பார்த்தது.

"பேசாம பீரோவை நகர்த்தி மறைச்சுடலாமா?" என்றார்.

"பீரோவைத் தள்ளிப் பாத்துடுவா. சாமி படத்தை யார் தொடுவா?" என்றேன்.

"அடி, உன்னைப் போய் வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேனே" என்று இவர் சிரித்தார்.

வீட்டில் இருந்த படங்களை எல்லாம் கொண்டுவந்து நெருக்கி மாட்டினோம். மேற்குச் சுவர் என்பதால் எல்லாம் கிழக்குப் பார்த்து முறையாகவே அமைந்துவிட்டன.

வந்தவர்கள் மாட்டுங்காவில் குடியிருந்த சின்ன வயதுத் தம்பதி. அவர் ஒவ்வொரு சுவராகத் தட்டினார், கிணற்றை எட்டிப் பார்த்தார். உள்ளறைக்கு வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். அவள் தோளில் ஒரு வயதுக் குழந்தை. மூச்சு விடும்போது அதன் நெஞ்சில் கரகரவென்று சத்தம் கேட்டது.

"அங்க ஒத்தைக் கோலி, ஒரே ரூம்தான் மாமி. கீழ இருக்கறதால எப்பவும் ஈரம். இவனுக்கு இழுப்பு விடவே மாட்டேங்கறது. டாக்டர்தான் காஞ்ச எடமாப் பாத்துப் போங்கோன்னார்."

குழந்தையைப் படங்களுக்குக் கீழே பாயில் கிடத்திவிட்டு நமஸ்காரம் பண்ணினாள். எழுந்து என்னிடம் கேட்டாள். "இவனை இங்கதான் தூங்கப் பண்ணுவேன். மழைல இந்த ரூம் எப்படி மாமி?"

ஆண்கள் இருவரும் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் தடுக்க அங்கே யாரும் இல்லை.

"சாமி இருக்கற எடம்மா. ஒண்ணும் வராது" என்றேன்.

"நீங்க சொன்னாப் போறும் மாமி" என்று அவள் என் கையால் குங்குமம் வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரமே விலை முடிந்தது. சாமான் கட்டும்போது படங்களைக் கழற்ற எனக்குத் துணிவில்லை. சாவி வாங்க வந்தவளிடம், "இதெல்லாம் உனக்குத் துணையா இருக்கட்டும்" என்றேன். அவள் கண் கலங்கி என் காலைத் தொட்டாள்.

நாகபுரியில் முதல் மழை பெய்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அறையில் குழந்தையை விடாதே என்று ஒரு கார்டு போட்டிருக்கலாம். இவருக்குத் தலைகுனிவு வருமே என்று போடவில்லை. இவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தச் சாக்கும் இல்லை. ஆனாலும் எழுதவில்லை.

வருஷமும், வீடு ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் என்பதும் தப்பாக இருக்கலாம். செம்பூரில் இருக்கும் என் மைத்துனர் பெண் இதைப் படித்துச் சரிபார்க்க வேண்டும். அந்தக் குழந்தை அந்த மழைக்காலத்தைத் தாண்டியதா என்பதையும் அக்கம்பக்கத்தில் விசாரித்து எனக்குச் சொல்ல வேண்டும்.