நாலு அங்குலம் வளரும்

பெரம்பலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பதினெட்டு வருடமாகக் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருக்கிறேன். அடையாள அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. காலையில் வாசலில் நின்று அட்டை மாட்டாத பெண்களைப் பிடிப்பது, விழா என்றால் விசில் ஊதிக் கூட்டத்தை உட்கார வைப்பது, மே மாதம் ஊர் ஊராகப் போய் அட்மிஷனுக்கு ஆள் பிடிப்பது, இதுதான் என் உத்தியோகம். மைதானத்தில் கல்லூரிப் பஸ்கள் நிற்காத நேரத்தில் கூடைப்பந்தும் உண்டு.

கூடைப்பந்துக்கு உயரம் வேண்டும். எங்கள் டீமில் ஐந்தடியைத் தாண்டிய பெண்ணைக் கேப்டனாக்கிவிடுவோம். வெளியூர் டீம்கள் எங்கள் பிள்ளைகளின் தலைக்கு மேலேயே பந்தை மாற்றிக்கொள்ளும். எங்கள் பிள்ளைகள் பஸ்ஸை விட்டவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தோற்றுத் திரும்பினால் தாளாளர், "நல்லா என்கரேஜ் பண்ணுங்க மேடம்" என்பார். என்கரேஜ் பண்ணினால் கை நீளுமா?

இப்படி ஒரு டீம் சேர்ந்ததற்கு நான்தான் காரணம். வேலைக்கு வந்த முதல் வருடம் விளையாட ஒருத்தியும் பெயர் கொடுக்கவில்லை. குரும்பலூரிலிருந்து மகளைச் சேர்க்க வந்த ஓர் அம்மா, "வெளயாடி என்னங்க ஆவப் போவுது?" என்று கேட்டார். மகள் அம்மாவின் தோளுக்குக்கூட வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ரெண்டு வருசம் ஆடட்டும், நாலு அங்குலம் வளருவா" என்றேன். அந்த அம்மா மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். மறுநாள் மூன்று அம்மாக்கள் வந்தார்கள், மூன்று குட்டை மகள்களோடு.

விஷயம் தாளாளர் காதுக்குப் போனது. அடுத்த வருட நோட்டீசில் என் படத்தைப் போட்டு, "கூடைப்பந்து ஆடுங்கள், நாலு அங்குலம் வளருங்கள்" என்று அச்சடித்துவிட்டார். நான் ஐந்தடி எட்டு அங்குலம். பந்தைத் தொடுவதற்கு முன்பே அந்த உயரம்தான். அதற்கு என் அப்பாதான் பொறுப்பு. நானும் வருடா வருடம் வெட்கமில்லாமல் அந்த நோட்டீசைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் வருடம் முடிந்தும் வளராத பெண்ணின் அம்மா வந்து கேட்டால், "ஒழுங்கா பிராக்டீசுக்கு வந்தாத்தானே" என்று பழியை அந்தப் பெண் தலையிலேயே கட்டிவிடுவேன். பாவம், அவள் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்திருப்பாள்.

போன வருடம் எங்கள் கேப்டன், "எங்க ஊர்ப் பக்கம் ஒரு பொண்ணு இருக்கு மேடம். உங்களவிட ஒசரம். பிளஸ் டூ முடிச்சிட்டு வூட்லதான் இருக்கு" என்றாள். வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்து ஊர். தாளாளரிடம் ஒரு வாரம் நடையாய் நடந்து, அந்தப் பெண்ணுக்குப் படிப்பும் விடுதியும் இலவசம் என்று சம்மதம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, போய்ச் சேர மதியமாகிவிட்டது. ஆள் பிடிக்கப் போன இத்தனை வருடத்தில் ஒரு வீட்டுக்கு உண்மையை மட்டும் கொண்டுபோனது அன்றைக்குத்தான்.

முந்திரித் தோப்பிலிருந்து அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். பெண் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெற்றவர்களுக்கும் அடிக்கடி வந்திருக்கும், வேறு காரணத்துக்காக. இரண்டு மாப்பிள்ளை வீட்டார் அவள் உயரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள். "ஆவணிக்குள்ள எப்படியாச்சும் முடிச்சிடணும்னு பாக்குறோங்க" என்றார் அப்பா.

நான் பி.காம். என்றேன், விடுதி என்றேன், எல்லாம் இலவசம் என்றேன். யாரும் கேட்காமலே அந்தப் பெண், "நான் படிக்கிறேம்ப்பா" என்றாள். அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"நீங்க அங்க என்ன சொல்லித் தரீங்க மேடம்?"

"கூடைப்பந்துங்க. பாப்பா டீம்ல ஆடணும், அவ்வளவுதான்."

அவர் எழுந்துபோய் எங்கள் நோட்டீசை எடுத்துவந்தார். "அது மட்டும் ஆவாதுங்க. இருக்கிற ஒசரத்துக்கே மாப்புள்ள கெடைக்கல. இன்னும் நாலு அங்குலம் வளந்துட்டா நான் எங்க போவேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"வளந்தா வளந்துட்டுப் போறேம்ப்பா" என்றாள் பெண். கதவோரம் நின்ற அம்மா அவளை முறைத்தார்.

"அப்படியெல்லாம் வளராதுங்க" என்றேன். "ஆளு சேக்குறதுக்காக நான் சொன்ன பொய் அது." அதுவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் பெரிய தியாகம் செய்துவிட்டது போல ஒரு பெருமைகூட வந்தது.

அவர் நோட்டீசில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார். "அப்ப இந்த இலவசம்னு சொல்றதும் அப்படித்தானுங்களா?"

"தாளாளர்கிட்டயே போன் போட்டுத் தரேன், பேசுங்க."

"இந்த நோட்டீச அடிச்சவரு அவருதானுங்களே."

எத்தனையோ அம்மாக்களை ஒரு வாக்கியத்தில் மடக்கியவள், ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தேன்.

பஸ் நிறுத்தம் வரை அந்தப் பெண் கூட வந்தாள். "இலவசம்னு சொன்னது நெசமா மேடம்?"

"நெசம்மா. சத்தியமா நெசம்."

அவள் குனிந்து என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "எனக்கு நம்பணும்னுதான் மேடம் இருக்கு" என்றாள்.

கல்லூரி திறந்து ஒரு மாதம் வரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்க விடாமல் வைத்திருந்தேன். அவள் வரவில்லை. ஆவணியில் கல்யாணம் முடிந்துவிட்டதாகக் கேப்டன் சொன்னாள்.