குனிந்த தலை நிமிராத வெண்டல்

ஜனங்கள் தன்னைக் கேலி செய்கிறார்களா, கொஞ்சுகிறார்களா என்று வெண்டல் குச்சேராவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. முப்பது வயது, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சோளக் கிடங்கில் வேலை. பெட்ரோல் போடப் போனால் முன்பின் தெரியாதவர்கள் அவனைப் பார்த்துத் தலையைக் குனிந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார்கள். பிறகு அவர்களே காபியும் வாங்கித் தருவார்கள். முறைப்பதா, நன்றி சொல்வதா?

எல்லாம் பள்ளியில் ஆடிய கடைசி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் வினை. எதிரணியின் ஊர், கடைசி உதை. பந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் ஜெயம். "உதைச்சப்புறம் பந்தப் பாக்காத, குனிஞ்ச தலை நிமிரக் கூடாது" என்பது உதைப்பவர்களுக்கெல்லாம் சொல்லித் தரும் முதல் பாடம். வெண்டல் சொன்ன பேச்சைத் தட்டாதவன். உதைத்தான், குனிந்தே நின்றான். காது கிழிகிற ஆரவாரம் கேட்டது. கைகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினான்.

ஆரவாரம் செய்தது எதிரணியின் ஊர்க்காரர்கள். பந்து இடப்பக்கம் பறந்து, பேண்டு வாத்தியக்காரர் ஒருவரின் பெரிய குழலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

யாரோ படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். அன்று முதல் அவசரப்பட்டுக் கொண்டாடுகிற எல்லோருக்கும் அவன் படம்தான் மீம். அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்காதவள் மார்லிஸ் ஒருத்திதான். மாட்டு வைத்தியரிடம் வேலை பார்ப்பவள். இரண்டு வருடப் பழக்கம். அவள் மாட்டேன் என்றுவிட்டால் அவனுக்கு வேறு யாருமில்லை.

சனிக்கிழமை மதியம், வெர்னாவின் உணவகம். மேசையில் சில்லி என்கிற கறிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் ஆறிக்கொண்டிருந்தன. வெண்டல் மோதிரத்தோடு மண்டியிட்டான்.

"மார்லிஸ், என்னக் கட்டிக்கிறியா?"

கேட்டதும் பழக்கதோஷம், தலை குனிந்துகொண்டது. மறுகணம் உணவகமே கூச்சலிட்டது. கைகள் தானாக மேலே கிளம்பின. பாதியில் பயந்து இறக்கிக்கொண்டான். இவர்கள் எதற்குக் கத்துகிறார்கள்? அன்றைக்கும் இப்படித்தானே கத்தினார்கள்!

"வெர்னாக்கா, அவ என்ன சொன்னா?"

"அட மக்கு! நிமிந்து அவ மூஞ்சியப் பாருடா!"

பார்க்கத் தைரியம் வரவில்லை. சாணி ஒட்டிய அவளுடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அது பக்கத்தில் வந்தது. மார்லிஸ் உட்கார்ந்து அவன் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

"ரெண்டு தடவ தலையாட்டிட்டேன்டா லூசு. கீழ என்னத்தத் தேடுற?"

"அப்ப... ஜெயிச்சது யாரு?"

"நாமதான். இப்பத் தூக்கு கைய."

அப்போதும் ஒருமுறை சுற்றிலும் நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் வெண்டல் கைகளைத் தூக்கினான்.