சின்னப்பொண்ணுக்கு மூன்று அட்டை

போன வாரம் கண் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் போன் நம்பரைக் கேட்டுத் தட்டிவிட்டு, "சல்ஃபா மருந்து ஒங்களுக்கு ஒத்துக்காதுங்களா சார்?" என்றாள். நான் சொல்லாமலே தெரிந்திருக்கிறது! பக்கத்தில் யாரோ பஞ்சில் ஸ்பிரிட் நனைத்தார்கள். அந்த வாசனை போதுமே, அறுபதுகளின் புதுக்கோட்டைக்கு என்னை இழுத்துக்கொண்டு போக.

அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கிளார்க். ஒவ்வொரு பிரிவும் தன் சீட்டுகளைத் தனித்தனிக் கம்பியில் குத்தி வைத்திருக்கும். காய்ச்சல் பிரிவுக்குத் தெரிந்தது பிரசவப் பிரிவுக்குத் தெரியாது. புதிதாக வந்த டாக்டரம்மா, பழைய சீட்டுகளைப் பார்த்து ஆளுக்கு ஒரே அட்டை, எல்லா அட்டையும் ஒரே பெட்டியில் என்று உத்தரவு போட்டுவிட்டார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அட்டையில் சிவப்பு மையில் எழுத வேண்டும். ஊசிக்கு முன் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏதாவது ஆனால் என் தலையில் அல்லவா விடியும்!

பெட்டியில் இலுப்பூர்ச் சின்னப்பொண்ணு மூன்று பேர் இருந்தார்கள். புருஷன் பெயர் வேலு, சண்முகம், பழனி. சண்முகம் பெண்டாட்டிக்கு மட்டும் சிவப்பு மை.

ஒருநாள் காலில் முள் குத்திச் சீழ் பிடித்து ஒரு சின்னப்பொண்ணு வந்தாள், இலுப்பூரிலிருந்து, தனியாக. புருஷன் பெயரைக் கேட்டேன். சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைக் கை காட்டினாள்.

"முருகனுக்கு ஆயிரம் பேரு இருக்கும்மா. எந்தப் பேரு?"

"சொன்னா அவருக்கு ஆயுசு கொறஞ்சிரும்ங்க."

"முன்னாடி ஊசி போட்டு ஒடம்பு தடிச்சுதா?"

"இல்லீங்க, நல்லா ஒத்துக்கும்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஊசி போடாமல் அனுப்பிவிடுவோம் என்று பயந்து எல்லாரும் சொல்கிற பதில்தான் அது.

உள்ளே வெந்நீரில் ஊசி கொதித்துக்கொண்டிருந்தது. பேர் சொல்லாவிட்டால் ஊசி இல்லை என்று கத்தியே விட்டேன். அவள் அழுதாள். காலைப் பார்த்தாள். கடைசியில், "தண்டாயுதம்" என்று முனகிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மூன்று அட்டையிலும் இல்லாத பெயர்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலண்டர் எல்லாப் பிரிவிலும் உண்டு. அவள் கை காட்ட, ஆளுக்கொரு பெயரை எழுதிவைத்திருக்கிறார்கள். மூன்றும் இவளேதான்.

"டாக்டரம்மா, போடாதீங்க!" என்று ஓடினேன். டாக்டரம்மா தட்டிக்கொடுத்துக் கேட்டதும், போன தடவை மூச்சே நின்றுபோகப் பார்த்தது என்று ஒப்புக்கொண்டாள். வேறு மாத்திரை கொடுத்தார்கள். கால் ஆறியது.

மழைக்காலத்தில் தண்டாயுதம் காய்ச்சலோடு வந்து படுத்தார். சின்னப்பொண்ணு வராந்தாவில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடநம்பிக்கை என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான் மணிக்கொரு தரம் போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நல்லவேளை, எழுந்து நடந்தார். அப்போதும் அவளுக்குப் பயம் தெளியவில்லை. "இன்னும் நாள் கெடக்குங்களே" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. அட்டைகள் எங்கே போயினவோ. என் மருமகள் என் மகனை நாளெல்லாம் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், அவனும் குண்டுக்கல்லு மாதிரி இருக்கிறான். சின்னப்பொண்ணை ஒரு தரம் வீட்டுக்கு அழைத்துவந்து இதைக் காட்ட முடியாமல் போயிற்றே.